ரகரமா, காலா?

'அவர்கள்' என்ற சொல்லை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யலாம். ரகரத்தின் மேல் புள்ளி வைத்தால் 'அவர்கள்'. ஆகாரத்துக்குப் போடும் துணைக்காலின் மேல் புள்ளி வைத்தால் 'அவா்கள்'. அச்சடித்துக் கையில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கமாட்டார்கள். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. அகரவரிசையில் எங்கோ போய் உட்காரும். வாசித்துக்காட்டும் மென்பொருள் அந்த இடத்தில் தடுமாறும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் வீட்டு உலை, இந்தக் காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கொதிக்கிறது.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் கணினி வேலை என்று சொல்லிவிடுவேன். மேலே கேட்டால்தான் சிக்கல். நான் பொறியியல் படிக்கவில்லை. அஞ்சல்வழியில் பி.ஏ. தமிழ், அதையும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் முடித்தேன். 2002இல், பதினெட்டு வயதில், பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மாதம் 1,200 ரூபாய். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்லூரி ஆண்டு மலர். கொடை நாட்களில் இரவு பதினோரு மணிவரை பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருப்போம். நன்கொடையாளர் பெயர் ஒன்று விட்டுப்போனால் ஊரே அச்சகத்து வாசலில் நிற்கும்.

அங்கே எனக்குக் கிடைத்த பயிற்சி அச்சகத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். பாமினி எழுத்துருவில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் 'தமிழ்' என்று வரும். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளின் குப்பை. அவற்றின் மேல் தமிழ் உருவத்தைச் சட்டைபோல மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். எழுத்துருவை மாற்றினால் சட்டை கழன்றுவிடும். ஒவ்வொரு நிறுவனத்து எழுத்துருவிலும் சட்டை வேறு. 'கெ' எழுத முதலில் கொம்பைத் தட்டி, பிறகு ககரத்தைத் தட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியும் வரிசையே விரலின் வரிசை. ஐந்தாறு எழுத்துருக்களின் விசைகள் எனக்கு மனப்பாடம்.

ஈய எழுத்துக் காலத்திலிருந்து இருந்த கம்பாசிட்டர் தாத்தா ஒருவர் அங்கே மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பெட்டியிலிருந்து எழுத்தை எடுத்துக் கண்ணை மூடி விரலால் தடவி இன்னது என்று சொல்வார். ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒரே மாதிரிதான் இருக்கும், புள்ளியும் இருக்காது, படிப்பவன்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளவேண்டும் என்று முதலில் எனக்குச் சொன்னவர் அவர். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களையும் அவர்தான் துண்டுத் தாளில் வரைந்து காட்டினார். அந்தத் தாளை வைத்துப் பிற்பாடு ஒரு மாதச் சம்பளம் சம்பாதிப்பேன் என்று அன்று தெரியாது.

2009இல் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். தன் சிற்றிதழின் பன்னிரண்டு ஆண்டுக் கோப்புகளைக் குறுவட்டில் கொண்டுவந்திருந்தார். இணையத்தில் ஏற்றவேண்டும், எல்லாம் கிறுக்கல் கிறுக்கலாகத் தெரிகிறது என்றார். முதலாளி அண்ணாச்சி பார்த்துவிட்டு, "திரும்ப அடிக்கவேண்டியதுதான், நான்கு மாதம் ஆகும்" என்றார். பேராசிரியரின் முகம் வாடிவிட்டது. தட்டிய பக்கங்களையே மறுபடியும் தட்டுவதா என்று எனக்கு எரிச்சல்.

ஒருங்குறி (யூனிகோடு) என்று, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொது முறை ஒன்று இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அதன் முதல் பதிப்பு வெளிவந்த 1991லிருந்தே தமிழ் அதில் இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை மின்வடிவில் ஏற்றிக்கொண்டேயிருந்தது. இத்தனையும் நடந்து பத்தாண்டுக்குப் பிறகும் எங்கள் தெருவில் இருந்த நான்கு அச்சகத்திலும் பாமினிதான் ஓடிக்கொண்டிருந்தது. என் வேலை முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருந்தது என்று இப்போது சொல்லலாம். அன்று எனக்குத் தெரிந்தது பேராசிரியரின் குறுவட்டு மட்டும்.

முதலில் 'கண்டுபிடி, மாற்று' பெட்டியில் ஒவ்வொன்றாக மாற்றினேன். இரண்டே நாளில் ஒரு விஷயம் பிடிபட்டது: வரிசை தவறினால் எல்லாம் கெடும். கொம்பு, ககரம், கால் மூன்றும் சேர்ந்த 'கொ'வை முதலில் மாற்றிவிட்டுப் பிறகுதான் 'கெ'வுக்கு வரவேண்டும். மாற்றி வைத்தால் 'கெ'வும் அநாதையாக ஒரு காலும் மிஞ்சும். நீளமானதை முதலில், குட்டையானதைப் பிறகு. பட்டியல் இருநூறைத் தாண்டியபோது, தெரிந்த பையன் ஒருவன் கணினிக்குக் கட்டளை (நிரல்) எழுதும் பைத்தான் மொழியைக் கற்றுக்கொள்ளச் சொன்னான். மணிக்கு இருபது ரூபாய் பிரவுசிங் சென்டரில், இரவல் புத்தகத்தை மடியில் வைத்துக் கற்றேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 15 என்று சொன்னது. கணினி பழுதென்றே நினைத்தேன். அது எழுத்தை எண்ணவில்லை, பைட்டை, அதாவது சேமிப்பின் அலகை, எண்ணியிருக்கிறது. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி ஆக ஐந்து குறியீடுகள். ஒருங்குறியைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நமக்கு மூன்று எழுத்து, ஒருங்குறிக்கு ஐந்து, வட்டுக்குப் பதினைந்து. இந்த ஒரு கணக்கு ஆறு ஆண்டுகள் கழித்து எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

பதினோரு இரவுகளில் நிரல் ஓடியது. பேராசிரியரின் பன்னிரண்டு ஆண்டுகளையும் ஒரு நிமிடத்துக்குள் மாற்றிக் கொடுத்தது. கூலி எவ்வளவு என்று அவர் கேட்டார். ஒரு நிமிட வேலைக்கு என்ன கேட்பது என்று கூசி, 200 ரூபாய் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே 2,000 கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வர ஓராண்டு ஆனது. நிரல் ஓடும் நேரத்துக்கு விலை வைக்கக்கூடாது. மறுபடி தட்டினால் பக்கத்துக்கு என்ன கொடுப்பார்களோ, அதில் பாதியைப் பக்கக் கணக்கில் கேளுங்கள். மெய்ப்புப் பார்ப்பதற்குத் தனி விலை சொல்லுங்கள். முப்பது விழுக்காடு முன்பணம் வாங்காமல் குறுவட்டைத் தொடாதீர்கள். நான் மூன்று பேரிடம் ஏமாந்த பிறகு வந்த விதி இது.

2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. வேலை தேடி வரத் தொடங்கியது. ஆனாலும் நான் அச்சகத்தை விடவில்லை. மூன்று ஆண்டுகள் காலையில் அச்சகம், மாலையில் நிரல். வேலையை உதறிவிட்டுக் கனவைத் துரத்துங்கள் என்று மேடையில் பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அவர்கள் வீட்டில் யாரோ வாடகை கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

2012இல் நடந்ததை இன்னும் என்னால் சிரிப்பில்லாமல் சொல்ல முடிவதில்லை. அன்று அழுதேன்.

பாமினி போன்ற எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்குத் தனி விசை கிடையாது. பின்னால் வரும் அந்த உருவம் ளகரத்தைப்போலவே இருப்பதால் ளகரத்தையே தட்டிவிடுவோம். எனவே 'கௌரவம்' கோப்பில் 'கெளரவம்' என்றுதான் இருக்கும். ஆனால் 'வெள்ளம்', 'தெளிவு' போன்றவற்றில் இருப்பது உண்மையான ளகரம். நான் ஒரு விதி எழுதியிருந்தேன். கொம்புக்கும் மெய்க்கும் பின்னால் வரும் ளகரத்தைத் தொடர்ந்து புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால், அது ளகரம். வெறுமனே நின்றால், அது ஔகாரம். மௌனம், பௌர்ணமி, சௌக்கியம் எல்லாம் அழகாக வந்தன. மூன்று ஆண்டுகள் ஒரு பிழையும் இல்லை. எனக்குத் தலைக்கனம்.

நெல்லை வட்டாரச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று வந்தது. மாற்றினேன், மேலோட்டமாகப் புரட்டினேன், கொடுத்துவிட்டேன். 1,000 படி அச்சானது. நூலாசிரியர் போன் செய்தார். "ஏம்மா, வௌக்குமாறு என்றால் என்னம்மா?" என்று நிதானமாகக் கேட்டார். எங்கள் ஊரில் விளக்கு 'வெளக்கு'. துடைப்பம் 'வெளக்குமாறு'. உரையாடல் முழுக்க ளகரம் வெறுமனே நிற்கிறது! மாமியார் மருமகளை 'வௌக்குமாற்றால்' அடிக்கிறாள், சாமி மாடத்தில் 'வௌக்கு' எரிகிறது, உருப்படாதவனை 'வௌங்காத பய' என்று திட்டுகிறார்கள். நான் பிறந்ததிலிருந்து பேசும் சொல்லை என் நிரல் தின்றுவிட்டது. விதியை எழுதும்போது நான் இலக்கணத் தமிழையே நினைத்திருக்கிறேன், வீட்டில் பேசுவதை நினைக்கவில்லை.

பிழைதிருத்தப் பட்டியல் அச்சிட்டு ஆயிரம் படிகளிலும் ஒட்டினோம். செலவில் பாதியை அண்ணாச்சி ஏற்றுக்கொண்டார். "ஏ பிள்ளை, மெஷின் புரூஃப் பார்க்காது, நாம்தான் பார்க்கவேண்டும்" என்றார். அதைவிடக் கூடுதலாக அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் யாருக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நிரல் எதையெல்லாம் மாற்றியதோ, அந்தச் சொற்களைத் தனிப்பட்டியலாக எடுக்கவேண்டும். ஒரு சொல் எத்தனை முறை வந்தாலும் பட்டியலில் ஒரே வரி. ஐயத்துக்கிடமான விதியில் சிக்கிய சொற்கள் மட்டும் தனியாக. அந்தத் தொகுப்பில் பின்னர் எடுத்துப் பார்த்தபோது ஐயத்துக்குரியவை 214தான் இருந்தன. அரைமணி நேரம் உட்கார்ந்து படித்திருந்தால் ஆயிரம் ஒட்டுத்தாள் மிச்சம். மூலக்கோப்பின் மேல் எப்போதும் கைவைக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நகல்மீதுதான் வேலை.

நிறுவனத்தில் சேரும் ஆசை 2013 வாக்கில் வந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவில் ஏறிச் சென்னைக்கு ஏழு முறை போயிருப்பேன். விண்ணப்பத்தைப் பார்த்ததும் பட்டம் எங்கே என்பார்கள். பி.ஏ. தமிழ் என்றதும் மொழிபெயர்ப்பு வேலை இருந்தால் கூப்பிடுகிறோம் என்பார்கள். அச்சக அனுபவத்தை நானே சுருக்கி, ஒற்றை வரியாக்கி, கீழே ஒளித்துவைத்திருந்தேன். அதுதான் பெரிய தவறு.

எட்டாவது முறை, 2015இல், விண்ணப்பத்தோடு வேறொன்றையும் எடுத்துப்போனேன். நான் போகவிருந்த நிறுவனத்தின் கைபேசிச் செயலியை இரண்டு வாரம் தமிழில் பயன்படுத்தி, நான்கு பக்க அறிக்கை எழுதியிருந்தேன். எந்தத் திரை, எதைத் தொட்டால் என்ன ஆகிறது, என்ன ஆகியிருக்கவேண்டும், எதனால் இப்படி, படத்தோடு. பெயர்ப்பட்டியலில் கனகாவுக்குப் பிறகு கபிலன் வருகிறார். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதால் வரும் கோளாறு அது. நம் அகரவரிசையில் னகரம் கடைசி. அகராதியில் 'அகம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'அக்கா' வரவேண்டும். குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் பின்னால் போய்விடுவாள். 'கொ'வை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராததால் தேடலில் பாதி விடுபடுகிறது. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, ஒருங்குறிக்கு 70தான். அவர்கள் அனுப்பிய தமிழ்ச் செய்தி ஒவ்வொன்றும் இரண்டு மூன்று செய்தியாக உடைந்து, காசும் அதற்கேற்பப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி விஷயத்தில்தான் எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து, சார்?" என்று கேட்டேன். மூன்று என்றார். அவருடைய கணினியிலேயே கேட்டுப் பார்க்கச் சொன்னேன். ஐந்து வந்தது. பைட்டில் கேளுங்கள் என்றேன். பதினைந்து. பெயருக்கு இருபது இடம் விட்டிருக்கிறீர்கள், என் பெயரே பாதியில் வெட்டுப்பட்டுப் புள்ளியை இழந்து நிற்கிறது என்று திரையைக் காட்டினேன். பட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒப்பந்த அடிப்படையில் சோதனையாளர் வேலை கிடைத்தது.

இதில் ஓர் எச்சரிக்கை. பிழையைச் சுட்டும்போது கேலித் தொனி எட்டிப்பார்த்தால் வேலை போய்விடும். என் அறிக்கையின் முதல் வரைவில் 'தமிழ் தெரியாதவர்கள் செய்த வேலை' என்று ஒரு வரி இருந்தது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பயனர் குழுவில் பழக்கமான அண்ணன் ஒருவர் அதை அடித்துவிட்டு, என்ன நட்டம் என்பதை மட்டும் எழுது என்றார். குறுஞ்செய்திச் செலவைக் கணக்குப் போட்டது அதனால்தான். பட்டம் இல்லாத எனக்கு நுழைவுச்சீட்டாக இருந்தது அந்தக் குழுவும், அங்கே நான் வெளிப்படையாக எழுதிப்போட்ட நிரல்களும். இலவசமாகக் கொடுத்தால் யார் காசு தருவார்கள் என்று பயந்தேன். நிரல் இலவசம், அதை நம்பி ஆயிரம் பக்கத்தை ஒப்படைக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத்தான் காசு.

நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தேன். நல்ல மனிதர்கள். ஆனால் நான் 'மொழி ஆள்'. எல்லாம் கட்டி முடித்து, வெளியிடுவதற்கு இரண்டு நாள் முன்னால் தமிழ் சரியாக இருக்கிறதா என்று கேட்பார்கள். பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் அடங்காது, அகலத்தைக் கூட்டுங்கள் என்றால், சொல்லைச் சுருக்க முடியாதா என்பார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்த பொறியாளரின் சம்பளத்தில் எனக்குப் பாதி. 2019இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். எட்டு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துவைத்த பிறகு.

தனியாக வேலை செய்வதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாதது, காகித வேலை. வீடு கட்டக் கடன் கேட்டுப் போனபோது சம்பளச் சீட்டு இல்லை என்று ஒரு வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாண்டு வருமானவரிக் கணக்கும் வங்கி அறிக்கையும் சேர்த்துக் காட்டிய பிறகுதான் வேறோர் இடத்தில் கிடைத்தது. அதனால் முதல் ஆண்டிலிருந்தே, வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். வாடிக்கையாளர் பிடித்த வரியை உங்கள் கணக்கில் கட்டினாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், மறந்துபோகிறவர்கள் உண்டு. 'வேலை முடிந்தது' என்றால் என்ன என்பதையும் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். 'பிழையில்லாமல்' என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஆசிரியரே செய்த ஒற்றுப்பிழைகளையும் என் தலையில் கட்டினார்கள். இப்போது 'மாற்றத்தால் நேரும் பிழை' என்று எழுதுகிறேன்.

இந்த நான்கைந்து ஆண்டுகளாக வேலையின் முகம் மாறிவிட்டது. கணினிக்கு மொழி கற்பிப்பவர்களுக்குத் தூய்மையான தமிழ் உரை மலைமலையாக வேண்டும். இணையத்திலிருந்து அள்ளிய உரையில் 'அவா்கள்' ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து அரைகுறையாக மாற்றியவை. கெளரவமும் கௌரவமும் தனித்தனிச் சொற்களாக நிற்கின்றன. வருடிய (ஸ்கேன் செய்த) பழைய நூல்களில் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வருகிறது. தாத்தா வரைந்த துண்டுத்தாளை வருடி எடுத்து, என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கும் கொடுத்திருக்கிறேன். இருவரும் டிடிபி ஆபரேட்டர்களாக இருந்தவர்கள்தான். பைத்தான் தெரிந்தவருக்குக் கொம்பையும் காலையும் சொல்லிக்கொடுப்பதைவிட, கொம்பும் காலும் தெரிந்தவருக்குப் பைத்தான் சொல்லிக்கொடுப்பது எளிது என்பது என் அனுபவம். மறுப்பவர்கள் இருக்கலாம்.

போன மாதம் அண்ணாச்சி அச்சகத்தை மூடினார். பரணிலிருந்து ஒரு பெட்டி பிளாப்பியை எடுத்து என்னிடம் கொடுத்தார். 1996, 97 என்று அவர் கையெழுத்து. பதினெட்டில் ஏழுதான் திறந்தன. உள்ளே இருப்பது நான் பார்த்தே இராத எழுத்துரு, அதன் கோப்பும் இல்லை. அதே அச்சகத்தில் அந்த ஆண்டு அச்சான கொடை நோட்டீஸ் ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்து, நன்கொடையாளர் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் மூன்று குறிகள் மிச்சம். அவற்றில் ஒன்று ஒரு பெயரின் கடைசியில் புள்ளியோடு நிற்கிறது. நோட்டீஸில் அந்த இடத்தில் மடிப்பு விழுந்து மை உதிர்ந்திருக்கிறது. ரகரம் என்கிறாள் ஒருத்தி, கால் என்கிறாள் மற்றவள். அந்தப் பெயர்க்காரர் வீடு எங்கள் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி. நாளைக் காலையில் போய்க் கேட்டுவிடலாம் என்றிருக்கிறோம்.